அழித்த வரி

தாஸிம் நானாவின் கடையில் ஐந்து கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஐந்துக்குள்ளும் அரசாங்கம் ஒரு பின்கதவு வைத்திருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னை நல்லவள் என்று நினைத்து ஏமாற வேண்டாம்.

இது 2008இல், யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் நடந்தது. கஹவத்தை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த அந்தக் கொமியுனிகேஷனில் நான் டைப் அடிக்கிற வேலை பார்த்தேன். போட்டோ கொப்பி, வெளிநாட்டு கோல், இன்டர்நெட் எல்லாம் அங்கே உண்டு. காலையில் தோட்டத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருவேன், சாயங்காலம் அதே பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போவேன்.

எங்கள் தோட்டத்தில் இருநூறு வீடு. வரிசையாக ஒட்டிக் கட்டிய லயங்களில் குடும்பத்துக்கு ஒரு காம்பரா, அதுதான் வீடு. இருநூறுக்கும் ஒரே விலாசம்தான். தோட்டத்தின் பெயர், கஹவத்தை, முடிந்தது. வீட்டுக்கு நம்பர் கிடையாது, தெருவுக்குப் பெயர் கிடையாது. வருகிற கடிதமெல்லாம் துரை கந்தோருக்கு, அதாவது தோட்ட ஆபீசுக்கு வந்து பெரிய கிளாக்கர் மேசையில் கிடக்கும். அவருக்கு மனம் இருந்தால் அன்றைக்கே கொடுப்பார். மனம் இல்லாவிட்டால் பிரித்துப் படித்து, சோற்றுப் பருக்கையால் ஒட்டி, மூன்று நாள் கழித்துக் கொடுப்பார். வெள்ளையம்மாவின் மகனுக்கு டோஹாவில் வேலை போன செய்தி வெள்ளையம்மாவுக்குத் தெரிவதற்கு முன்னால் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் கொழுந்துக் கூடையோடு நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது.

அந்தக் கிளாக்கர் கையிலிருந்து எங்கள் சனங்களைக் காப்பாற்றியது என் தம்பி கிருஷ்ணகுமாரின் ஈமெயில். ரத்தினபுரியில் கோர்ஸ் படித்தபோது தன் பெயரில், தன் அடையாள அட்டை நம்பரைக் கொடுத்து அதைத் திறந்திருந்தான். கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலை கிடைத்துப் போனபோது பாஸ்வேர்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். முதலில் வெள்ளையம்மாவின் மகன் அதற்கு எழுதினான். அப்புறம் குவைத்தில் வீட்டுவேலைக்குப் போன பெண்கள், சென்னையில் இருக்கிற உறவுகள் என்று வரிசையாக எழுத ஆரம்பித்தார்கள். ஒரே வருசத்தில் இருபத்தெட்டு வீட்டின் தபால் என் தம்பி பேருக்கு வந்துகொண்டிருந்தது. தலைப்பில் "மூன்றாம் லயம் ஏழாம் காம்பரா வெள்ளையம்மாவுக்கு" என்று இருக்கும். நான் படித்துக் காட்டுவேன். அவர்கள் சொல்லச் சொல்ல ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து அனுப்புவேன்.

ஆளுக்கொன்று தனியாகத் திறந்து தரட்டுமா என்று ஒரு தடவை கேட்டேன். ரப்பர் மலையில் பால் வெட்டுகிற அழகம்மாக்கா சிரித்தார்.

"எதுக்குப் புள்ள தனித்தனியா? தோட்டத்துக்கு ஒரு விலாசம் இருந்தா பத்தாதா? அதுவும் ஒங்கிட்டதானே வருது."

மற்றவர்களும் அதையே சொன்னார்கள். தாத்தா காலத்திலிருந்து ஒரே விலாசத்தில் வாழ்ந்தவர்களுக்கு வேறு மாதிரி யோசிக்க வரவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. உண்மையைச் சொன்னால், இருபத்தெட்டு வீட்டு ரகசியமும் எனக்கு மட்டும் தெரியும் என்பதில் எனக்கு ஒரு தலைக்கனம் இருந்தது. கிளாக்கரைத் திட்டிக்கொண்டே கிளாக்கரின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

ஜனவரியில் இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். காக்கி இல்லை, சாதாரண காற்சட்டையும் சேர்ட்டும்தான். கார்டைக் காட்டினார்கள். இந்தப் பக்கத்து இன்டர்நெட் கடை எல்லாவற்றையும் பதிய வேண்டுமாம், மெசின்களுக்குப் புது சிஸ்டம் போட வேண்டுமாம். ஐந்தையும் வேனில் ஏற்றிக்கொண்டு போய் நாலாம் நாள் கொண்டுவந்து வைத்தார்கள். திரை பார்க்க முன்பு மாதிரியேதான் இருந்தது. ஆனால் யாரும் தொடாத நேரத்திலும் முன்னால் இருக்கிற சின்ன விளக்கு கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருந்தது.

தாஸிம் நானாவின் தங்கை மகன் அப்லால் கம்ப்யூட்டர் திருத்துகிறவன். பிரிண்டர் பார்க்க வந்தவனிடம் அந்த விளக்கைக் காட்டினேன். அரை மணி நேரம் நோண்டிவிட்டு எழுந்தான்.

"சிஸ்டத்துக்குள்ளயே கதவு வெச்சீக்காங்க. நீங்க தட்டுற ஒவ்வொரு எழுத்தும் அவங்களுக்குப் போவுது."

"பாஸ்வேர்ட மாத்திரவா?"

"மாத்தி என்னத்துக்கு? மாத்துறதையும் தட்டித்தானே மாத்தோணும்."

"அப்ப அத எடுத்துருங்க."

"எடுத்தா எடுத்தது தெரிஞ்சிரும். மாமாட கட நாளைக்கி ஈக்காது. நான் ஒண்டும் காணல்ல, நீங்களும் காணல்ல."

தாஸிம் நானாவிடம் போனேன். அவர் ஷட்டரைப் பார்த்தபடி பேசினார். எழுபது வருசமாக அந்த பஸாரில் கடை வைத்திருக்கிற குடும்பம்.

"எனக்குத் தெரியாம இல்ல புள்ள. வேணாம்னு செல்ல ஏலுமா? நாங்களும் இந்த ஊர்ல கொஞ்சப் பேரு, நீங்களும் கொஞ்சப் பேரு. வாய மூடிக்கிட்டு வேலயப் பாருங்க."

அந்த மனுசன் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஆனால் அவர் சொன்னபடிதான் நான் செய்தேன். என் சமாதானத்தைக் கேளுங்கள். நாங்கள் என்ன குண்டா வைக்கிறோம்? வெள்ளையம்மாவின் ஆடு குட்டி போட்டதைப் படித்து அரசாங்கம் என்ன செய்யப்போகிறது? படித்துவிட்டுப் போகட்டும், குட்டிக்குப் பேர் வைத்தாலும் வைக்கட்டும். இப்படி எனக்கு நானே கிண்டலடித்துச் சிரித்துக்கொண்டேன். சொன்னால் சனங்கள் வருவதை நிறுத்திவிடுவார்கள், என் வேலை போய்விடும் என்பதையும் நினைத்தேன். அதை இப்போதுதான் வெளியே சொல்கிறேன்.

பெப்ரவரியில் ஒரு நாள் அழகம்மாக்காவுக்கு மெயில் வந்தது. அவருடைய மகள் தர்மிளா குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போய் இரண்டு வருசம் ஆகியிருந்தது. அவள் திரும்பி வந்ததும் வெள்ளையம்மாவின் தம்பி மகனுக்குக் கட்டிக் கொடுப்பதாகப் பேச்சு முடிந்து, தேங்காய் பழம் மாற்றியாகிவிட்டது. மெயிலில் தர்மிளா எழுதியிருந்தது நாலே வரி. வேலை செய்த வீட்டுப் பையனால் அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. மூன்று மாதம். வீட்டை விட்டுத் துரத்திவிட்டார்கள். வேறு ஊர்ப் பெண்களோடு ஒரு விடுதியில் இருக்கிறாள்.

சத்தம் வெளியே கேட்காமல் படித்துக் காட்டினேன். அழகம்மாக்கா அழவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எழுது. நீ செத்துப் போ. அந்தப் புள்ளையையும் கொன்னுப்புட்டு நீயும் செத்துப் போ."

அடித்தேன். அவர் சொன்னதை அடிப்பதுதான் என் வேலை. அழகம்மாக்கா சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். பக்கத்துக் கூண்டில் யாரோ போனில் கத்திப் பேசி முடிக்கிற வரைக்கும் அப்படியே இருந்தார்.

"அத அழிச்சிரு விஜியா."

அழித்தேன்.

"இப்ப எழுது. ஒடம்பப் பாத்துக்க. புள்ளைக்குப் பாலு குடு. ஊருக்கு வர்றதப் பத்தி அம்மா யோசிச்சுச் சொல்றேன்." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "இது ஒன்னோட இருக்கட்டும் புள்ள."

சத்தியம் செய்து கொடுத்தேன். ஒவ்வொரு எழுத்தும் போகிறது என்று அப்லால் சொன்னது காதில் விழுந்திருந்தும், அழித்தால் அழிந்துவிடும் என்றுதான் அந்த நிமிசத்தில் நம்பினேன். படித்தவள் என்று பேர், புத்தி மட்டும் எங்கே போனதோ தெரியவில்லை.

மார்ச்சில் தம்பியைக் கொழும்புப் புடவைக் கடையில் வைத்தே பொலிஸ் பிடித்துக்கொண்டு போனது. ஐந்து நாள் எங்கே இருக்கிறான் என்றே தெரியவில்லை. அப்பா இராமசாமியும் நானும் கொழும்புக்கும் ரத்தினபுரிக்கும் அலைந்தோம். அவனைப் பற்றிய கோப்பை ரத்தினபுரியில்தான் திறந்திருந்தார்கள் என்பதால் அவனை ரத்தினபுரிக்கே கொண்டு வந்திருந்தார்கள். பெயர்ப்பலகை இல்லாத ஒரு பழைய வீட்டில் அவர்களுடைய கந்தோர் நடந்தது. ஆறாம் நாள் ஓர் அதிகாரி எங்களை உள்ளே கூப்பிட்டார். சட்டை மடிப்பு கலையாத, சத்தம் போட்டுப் பேசாத மனிதர். தம்பியை ஜன்னல் வழியாகக் காட்டினார்கள். இடது கண் வீங்கி மூடியிருந்தது. அப்பா அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதிகாரி கோப்பைத் திறந்தார். சிங்களத்தில்தான் பேசினார்.

"ஒரு ஆள். இருபத்தெட்டுப் பேர். மூன்று நாட்டிலிருந்து தகவல் வருகிறது. ஒவ்வொன்றிலும் இரண்டு எண். ஒன்றில் மூன்று, ஏழு. இன்னொன்றில் ஐந்து, இரண்டு. இது என்ன?"

"அது லயமும் காம்பராவும் மாத்தயா."

தோட்டத்தின் விலாசத்தைப் பற்றிச் சொன்னேன். கிளாக்கரைப் பற்றிச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நங்கி என்று, தங்கச்சியைக் கூப்பிடுவது போலத்தான் என்னைக் கூப்பிட்டார்.

"ஆளுக்கு ஒரு ஈமெயில் சும்மா கிடைக்கிறது நங்கி. இருபத்தெட்டுக் குடும்பம் ஒன்றை வைத்துக்கொள்ளுமா? உலகத்தில் எந்த முட்டாள் அப்படிச் செய்வான்?"

நாங்கள்தான் அந்த முட்டாள்கள் என்று எத்தனை விதமாகச் சொன்னாலும் அவருக்கு ஏறவில்லை. எங்கள் தோட்டத்துக்குள் ஒரு தடவை கால் வைத்திருந்தால் அரை நிமிசத்தில் புரிந்திருக்கும். கால் வைக்கத் தேவையில்லாமல்தான் கம்ப்யூட்டரில் கதவு வைத்துக்கொண்டார்கள்.

"அந்த இருபத்தெட்டுப் பேரும் உண்மையான ஆட்கள் என்றால் நாளைக் காலை ஒன்பது மணிக்குக் கொண்டு வா. வீட்டுக்கு ஒரு கடிதம் படிப்பேன், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள் கை தூக்க வேண்டும். ஒன்று மிஞ்சினாலும் அது உன் தம்பியுடையது. வெள்ளிக்கிழமை அவனைத் தடுப்பு முகாமுக்கு அனுப்பிவிடுவேன்."

அன்று பின்னேரம் லயம் லயமாகப் போய்க் கதவைத் தட்டினேன். பொலிஸ் தபாலைப் பார்த்துவிட்டது, தம்பியைக் காப்பாற்ற வாருங்கள் என்று மட்டும் சொன்னேன். சும்மா சொல்லக் கூடாது, அத்தனை பேரும் வந்தார்கள். அழகம்மாக்கா எதுவும் கேட்கவில்லை. "நம்ம கிருஷ்ணா இல்லியா, வராம என்னா" என்றார். அடுத்தவன் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க வந்த இரண்டு மூன்று பேரும் அதில் இருந்தார்கள். அவர்கள் யார் என்று எனக்குத் தெரியும்.

கந்தோர் முற்றத்தில் எங்களை வெயிலில் வரிசையாக நிறுத்தினார்கள். காலையில் பெரட்டில் நிற்பது போலவே நின்றோம். அதிகாரி தகரக் கூரையின் கீழ் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு தாளாக எடுத்துச் சிங்களத்தில் உரக்கப் படித்தார். படித்து முடித்ததும் "மேக்க காகெத?" என்றார். இது யாருடையது என்று அர்த்தம். ரத்தினபுரிப் பக்கத்துத் தமிழனுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. முற்றத்தில் நின்ற ஒருவருக்கும் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

ஆட்டுக்குட்டிக் கடிதத்துக்கு வெள்ளையம்மா கை தூக்கியபோது சிரித்தார்கள். அடுத்த கடிதத்துக்கும் சிரித்தார்கள். நாலாவது கடிதம், சென்னையில் புருசனுக்கு இன்னொரு குடும்பம் இருப்பதைப் பற்றியது. கை தூக்கிய பெண் தூக்கிய கையாலேயே முகத்தை மூடிக்கொண்டாள். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. ஒருவருக்குப் பிள்ளை பிறக்காது என்று வைத்தியர் சொன்னது, ஒருவர் அண்ணன் மனைவியைப் பற்றிக் கேவலமாக எழுதியது, எல்லாம் வெயிலில் வந்து விழுந்தன. அண்ணனும் அண்ணன் மனைவியும் அதே வரிசையில்தான் நின்றார்கள். கிளாக்கர்கூட எங்களை இப்படி நிறுத்தி வைத்துப் படித்ததில்லை.

இருபத்தேழு கை தூக்கியாகிவிட்டது. கடைசித் தாளை எடுத்தபோது அதிகாரி எழுந்து நின்றார்.

"இதில் ஒரு உத்தரவு இருக்கிறது. அடித்துவிட்டு அழித்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளையைக் கொன்றுவிட்டு நீயும் செத்துப் போ." மேலே இருந்த பெயரை விட்டுவிட்டுத் தர்மிளா எழுதிய நாலு வரியையும் படித்தார். "யார் இந்தப் பிள்ளை? யாருக்கு யார் கொடுத்த உத்தரவு? மேக்க காகெத?"

ஒரு கையும் எழவில்லை. அழகம்மாக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பக்கத்தில், தோளில் தோள் முட்ட, வெள்ளையம்மா நின்றாள். சம்பந்தக்காரி.

"காகெத?"

அப்பா அழ ஆரம்பித்தார். அதிகாரி தாளை மடித்துக் கோப்பில் வைக்கப் போனார். "சரி. அப்படியானால் இது கிருஷ்ணகுமாருடையது."

என் கை எழுந்தது. எனக்காக இல்லை. விரலை நீட்டினேன்.

"அழகம்மாவோடது மாத்தயா. குவைத்துல இருக்கிற மக தர்மிளாவுக்கு எழுதினது. கோவத்துல சொன்னாங்க, ஒடனே அழிக்கச் சொல்லிட்டாங்க."

அழகம்மாக்கா தலையை நிமிர்த்தவே இல்லை. வெள்ளையம்மா ஒரு அடி விலகி நின்றாள். ஒரே ஒரு அடிதான். அதை முற்றத்தில் எல்லோரும் பார்த்தார்கள்.

அதிகாரி என்னைக் கிட்டே கூப்பிட்டுத் தாளைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்தில் பென்சிலால் சிங்களத்தில் அழகம்மா என்று எழுதியிருந்தது. லயம், காம்பரா நம்பர், மகளின் பாஸ்போட் நம்பர் எல்லாம் இருந்தன.

"எங்களுக்கு நேற்றே தெரியும் நங்கி. விலாசக் கதையையும் உங்கள் தோட்டத்துக் கந்தோரில் கேட்டுவிட்டோம். நீ சொல்வாயா மாட்டாயா என்றுதான் பார்த்தேன்." ஒரு துண்டில் டெலிபோன் நம்பர் எழுதி என் கையில் வைத்தார். "நல்ல பிள்ளை. கடையில் ஏதாவது வித்தியாசமாகப் பட்டால் இதற்கு ஒரு கோல் எடு."

அந்தத் துண்டை அவர் முகத்தில் எறிந்திருக்க வேண்டும். நான் அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். தம்பி இன்னும் உள்ளே இருந்தான்.

பன்னிரண்டு மணிக்கு அவனை விட்டார்கள். அப்பா அவனைத் தாங்கிக்கொண்டு பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்தார். மற்ற ஆட்கள் ஏறித் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். வெள்ளையம்மா கடைசி சீட்டுக்குப் போனாள். அழகம்மாக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பஸ் கஹவத்தை ஸ்டாண்டுக்குள் திரும்பும்போதுதான் கேட்டார்.

"அந்தப் பொட்டி கேட்டுக்கிட்டிருக்குன்னு ஒனக்கு முன்னயே தெரியுமா?"

"தெரியுங்க."

"நான் எழுதச் சொன்ன அன்னிக்குத் தெரியுமா?"

"தெரியுங்கக்கா."

அவர் கத்துவார், அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் இருந்தது.

"தம்பிக்காகத்தான் சொன்ன. அது எனக்கு வெளங்குது. ஆனா, என் பேரச் சொல்லாம, நீயே அத எழுதுனன்னு சொல்லியிருந்தா என்னா விஜியா? ஒன் கையிதானே தட்டுச்சு. ஏதோ புத்தி கெட்டுப் போயி நான்தான் எழுதுனேன்னு சொன்னா, அவன் என்னா செய்யப் போறான்? அதுலயும் என் பேரச் சொன்ன, என் மக பேரயும் சேத்துச் சொன்ன. அவன் மக பேரக் கேக்கவே இல்லியே புள்ள."

பஸ் நின்றது. அவர் இறங்கி, எங்களுக்காகக் காத்திருக்காமல் தோட்டத்துப் பாதையில் நடந்தார். அவர் சொன்ன மாதிரி ஒன்று எனக்கு அந்த முற்றத்தில் தோன்றவே இல்லை. விரலை நீட்டுவதற்கு முன்னால் ஒரு நொடிகூட நான் யோசிக்கவில்லை.

தர்மிளா அதற்கப்புறம் அந்த மெயிலுக்கு எழுதவில்லை. தோட்டத்துக் கந்தோருக்கும் அவள் கடிதம் எதுவும் வரவில்லை.